நாற்பது மீட்டர் கார்டு யாருக்கு வேண்டும்?

அரிமளத்திலிருந்து கிழக்கே கிளம்பினால் அறந்தாங்கியைத் தாண்டி மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று கடல் வந்துவிடும். அது பாக் விரிகுடா. அந்த விரிகுடாவின் பெரும்பகுதியில் ஆழம் பதினைந்து மீட்டரைக்கூடத் தொடாது. புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில் நின்றுகொண்டு நாற்பது மீட்டர் ஆழத்தைத் தேடினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடைக்காது.

ஆனால் இந்தப் பக்கத்து இளைஞன் ஒருவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், லீவு நாளில் மலேசியத் தீவு ஒன்றில் ஸ்கூபா பழகி, "அடுத்து டெக்னிகல் டைவிங் படிக்கலாமே" என்று யோசிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் வாயில் வரும் முதல் கேள்வி என்ன தெரியுமா? "எந்த கோர்ஸ்ல எத்தனை மீட்டருக்கு கார்டு குடுப்பாங்க?"

இந்தக் கேள்வியே தப்பு. தப்பான கேள்விக்குப் பதில் சொல்லத்தான் கலர் கலராக நோட்டீஸ் அடித்து வைத்திருக்கிறார்கள். டெக்னிகல் டைவிங்கின் முதல் கோர்ஸ் ஒரு மீட்டர் ஆழம்கூடக் கூடுதலாகத் தரக் கூடாது. தருகிற கோர்ஸை முதல் கோர்ஸாக எடுக்கக் கூடாது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான். ஏன் என்று பார்ப்போம்.

டெக்னிகல் டைவிங்: அவசரச் சுருக்கம்

சாதாரண ஸ்கூபாவில் பொதுவான எல்லை 40 மீட்டர். அதிலும் முதல் கார்டு (ஓப்பன் வாட்டர்) வைத்திருப்பவருக்கு 18 மீட்டர், அடுத்த கார்டுக்கு 30, ஆழ டைவிங் தனியாகப் படித்தவருக்கு 40. எந்த நேரத்திலும் "போதும்டா சாமி" என்று நேராக (ஆனால் மெதுவாக) மேலே வந்துவிடலாம் என்பதுதான் இந்த டைவிங்கின் அடிப்படை.

டெக்னிகல் டைவிங்கில் அந்தச் சலுகை கிடையாது. அதிக ஆழத்தில், அதிக நேரம் இருப்பதால் உடம்பில் நைட்ரஜன் கரைந்து ஏறிவிடுகிறது. நேராக மேலே வந்தால் சோடா பாட்டில் மூடியைத் திறந்த கதைதான். ரத்தத்திலும் திசுக்களிலும் குமிழிகள் கிளம்பும். மூட்டுவலியில் ஆரம்பித்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போவது வரை போகும். இதற்குப் பெயர் பெண்ட்ஸ். அதைத் தவிர்க்க வழியில் குறிப்பிட்ட ஆழங்களில் குறிப்பிட்ட நிமிடங்கள் நின்று நின்று வரவேண்டும். இதுதான் டிகம்ப்ரஷன். ஆடுகளை அழுத்த அறைக்குள் அடைத்துச் சோதனை செய்து, இப்படிப் படிப்படியாக மேலே வருவதற்கான அட்டவணையை ஜே.எஸ். ஹால்டேன் குழு வெளியிட்டது 1908-ல். "டெக்னிகல் டைவிங்" என்ற பெயரைப் பரப்பியது 1990-களின் தொடக்கத்தில் மைக்கேல் மெண்டுனோ நடத்திய அக்வாகோர் என்ற பத்திரிகை. பெயர் புதுசு, ஆபத்து பழசு.

மூன்று கடைகள், மூன்று சரக்குகள்

உலகத்தில் பல அமைப்புகள் இதைச் சொல்லித் தருகின்றன. எல்லாவற்றையும் அடுக்கினால் பொழுது விடிந்துவிடும். மூன்று மாதிரிகளை எடுத்துக்கொண்டால் போதும், மற்றவை பெரும்பாலும் இவற்றில் ஏதாவதொன்றின் சாயலில் இருக்கும்.

முதலாவது, பி.ஏ.டி.ஐ. அமைப்பின் டெக் 40. 1966-ல் தொடங்கிய, உலகத்தில் அதிகம் பேருக்குத் தெரிந்த அமைப்பு இது. இந்த கோர்ஸில் சேர 18 வயது ஆகியிருக்க வேண்டும். குறைந்தது 30 டைவ் கணக்கு காட்ட வேண்டும். ஆழ டைவிங், நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) இரண்டும் முன்பே படித்திருக்க வேண்டும். கோர்ஸில் நான்கு டைவ். முடித்தால் 40 மீட்டர் வரை போகலாம், மொத்தம் 10 நிமிடம் வரை டிகம்ப்ரஷன் வைத்துக்கொள்ளலாம், 50 சதவிகிதம் வரை ஆக்சிஜன் உள்ள கூடுதல் சிலிண்டர் ஒன்றையும் கொண்டு போகலாம்.

இரண்டாவது, 1994-ல் தொடங்கிய டி.டி.ஐ. அமைப்பின் இன்ட்ரோ டு டெக். இது புதிய ஆழம் எதையும் தராது. டிகம்ப்ரஷன் டைவ் செய்யவும் அனுமதி இல்லை. கியரை ஒழுங்காக அமைப்பது, நீரில் படுக்கைவாக்கில் நிலையாக நிற்பது, காற்றுக் கணக்குப் போடுவது, வால்வை மூடித் திறக்கப் பழகுவது, கூட்டாளிக்குக் காற்று கொடுப்பது... இவ்வளவுதான். ஏற்கெனவே கையில் இருக்கும் கார்டின் எல்லைக்குள்ளேயே எல்லாம் நடக்கும்.

மூன்றாவது, ஜாரட் ஜப்லான்ஸ்கி 1998-ல் புளோரிடாவில் தொடங்கிய ஜி.யு.இ. அமைப்பின் ஃபண்டமெண்டல்ஸ். இதுவும் ஆழத்தைக் கூட்டித் தராது. ஆனால் இங்கே ஒரு விசேஷம் உண்டு. பரீட்சையில் ஃபெயில் ஆகலாம்! பொழுதுபோக்கு நிலைத் தேர்ச்சி, டெக்னிகல் நிலைத் தேர்ச்சி, "ஆறு மாதத்துக்குள் திரும்பி வந்து செய்து காட்டு" என்ற நிபந்தனைத் தேர்ச்சி, தோல்வி என்று நான்கு விதமான முடிவு. நீருக்கடியில் செய்ததையெல்லாம் வீடியோ எடுத்து சாயங்காலம் போட்டுக் காட்டுவார்கள். "நான் நேராத்தான் இருந்தேன் சார்" என்று சாதிக்க முடியாது. சிகரெட் பிடிப்பவர்களுக்கு இடமே இல்லை. கார்டு கொடுத்தாலும் மூன்று வருடத்தில் காலாவதி ஆகிவிடும். அதற்குள் தொடர்ந்து டைவ் செய்துகொண்டிருந்தால்தான் புதுப்பிக்கலாம்.

மேலோட்டமாகப் பார்த்தால் யாருக்கும் என்ன தோன்றும்? முதல் கோர்ஸில் 40 மீட்டர், டிகம்ப்ரஷன், கூடுதல் சிலிண்டர் எல்லாம் கிடைக்கிறது. மற்ற இரண்டிலும் காசைக் கொடுத்துவிட்டுப் போன ஆழத்துக்கே திரும்பப் போகவேண்டும். மூன்றாவதில் ஃபெயில் வேறு ஆகலாம். எந்தப் புத்திசாலி மூன்றாவதுக்குப் போவான்?

இந்த இடத்தில்தான் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவேண்டும்.

கணக்கு பொய் சொல்லாது

கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். நாற்பது மீட்டரில் மொத்தம் ஐந்து. அதாவது மேலே மூச்சு விடுவதைப்போல ஐந்து மடங்கு காற்று செலவாகும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்தால் மொத்தம் 2400 லிட்டர். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் நாற்பது மீட்டரில் 100 லிட்டர் இழுப்பார். 24 நிமிடத்தில் சிலிண்டர் காலி. பயந்து போய் மூச்சு இரட்டிப்பானால்? 12 நிமிடம். இதில் மேலே ஏறி வருவதற்கும், வழியில் நிற்பதற்கும் காற்று மிச்சம் வைக்கவேண்டும்.

அடுத்தது அந்தக் கூடுதல் சிலிண்டர். ஆக்சிஜன் உயிர் காக்கும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அழுத்தம் கூடினால் அதே ஆக்சிஜன் வலிப்பை வரவழைக்கும் என்று பால் பெர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1878-லேயே எழுதி வைத்துவிட்டார். டைவிங்கில் ஆக்சிஜனின் பங்கு அழுத்தம் 1.6-ஐத் தாண்டக் கூடாது என்பது பொதுவான உச்ச வரம்பு. 50 சதவிகித ஆக்சிஜன் அந்த வரம்பைத் தொடுவது 22 மீட்டரில். நாற்பது மீட்டரில் அதே சிலிண்டரை வாயில் வைத்தால் பங்கு அழுத்தம் 2.5. வாயில் குழாயோடு நீருக்கடியில் வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. அதாவது, நாற்பது மீட்டரில் நிற்கும்போது விலாவோரம் தொங்கிக்கொண்டிருக்கும் அந்தச் சிலிண்டர், அந்த ஆழத்தில் விஷம். எந்தக் குழாய் எந்தச் சிலிண்டருடையது என்று பார்த்து, படித்து, கூட்டாளியிடம் காட்டி உறுதி செய்துகொண்டு மாற்றவேண்டும். அதற்கு இரண்டு கையும் ஒரு மனதும் ஓய்வாக இருக்கவேண்டும். மேலே போய்விடாமலும் கீழே இறங்கிவிடாமலும் இருக்கவே கைகால் உதறிக்கொண்டிருப்பவருக்கு அந்த ஓய்வு எங்கிருந்து வரும்?

மூன்றாவதுதான் எல்லோரும் கோட்டைவிடும் இடம். மிதப்பைக் கட்டுப்படுத்துவது எங்கே கஷ்டம்? ஆழத்தில் என்றுதான் நினைப்போம். கணக்கு நேர்மாறாகச் சொல்கிறது. 40 மீட்டரிலிருந்து 34-க்கு வந்தால் அழுத்தம் 5-லிருந்து 4.4 ஆகிறது. ஜாக்கெட்டில் இருக்கும் காற்று கொஞ்சம்தான் விரியும். அதே ஆறு மீட்டர் தூரத்தை, 6 மீட்டரிலிருந்து மேல்மட்டத்துக்கு வந்தால் 1.6-லிருந்து 1. காற்று ஒன்றரை மடங்குக்கும் மேலே விரிந்து ஆளைத் தூக்கி எறியும். டிகம்ப்ரஷனுக்காகக் கட்டாயம் நின்றாக வேண்டிய இடங்கள், குறிப்பாக நீண்ட நிறுத்தங்கள், இந்த மேல்மட்டத்தில்தான் வருகின்றன.

ஆக, நாற்பது மீட்டர் கார்டு வைத்திருப்பவரின் உயிர் ஊசலாடுவது நாற்பது மீட்டரில் மட்டுமல்ல, ஐந்தாறு மீட்டரிலும்தான். அந்த ஐந்தாறு மீட்டரில் ஆடாமல் அசையாமல் நிற்கப் பழக எவ்வளவு ஆழம் வேண்டும்? ஐந்தாறு மீட்டர்! கோட்டைப்பட்டினத்துக் கலங்கல் கடலின் ஆழமே போதும். முதல் பாடத்துக்கு ஆழம் தேவையில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அரிமளத்துக் கிணறு சொல்லித் தரும் வரிசை

இது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்த ரகசியம் என்று நினைக்கவேண்டாம். அரிமளத்துப் பக்கம் பம்புசெட் கிணற்றில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும் வரிசையைக் கவனித்துப் பாருங்கள். முதலில் முதுகில் சுரைக்குடுக்கை. இப்போது பிளாஸ்டிக் கேன். இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை மாமா கையிலோ சித்தப்பா கையிலோ. படியைப் பிடித்துக்கொண்டு காலடிக்க வேண்டும். பிறகு கேன் இல்லாமல் மிதக்கவேண்டும். பிறகு குறுக்கே நீந்தவேண்டும். அதற்கப்புறம்தான் படியிலிருந்து குதிப்பது, மோட்டார் ரூம் மேலிருந்து குதிப்பது எல்லாம். கடைசியில்தான், மூச்சடக்கி அடி வரை முங்கி, கை நிறைய சேறு அள்ளிக்கொண்டு வந்து காட்டுவது.

அடிமண் எடுப்பது கடைசிப் பரீட்சை. மிதக்கத் தெரியாத பையனைப் பார்த்து "போடா, போய் மண்ணை எடுத்துட்டு வா, அப்படியே நீச்சலும் வந்துரும்" என்று எந்த மாமாவும் சொல்லமாட்டார். சொன்னால் அத்தை விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வருவார். நான்கே டைவில் புதுக் கியர், டிகம்ப்ரஷன், இரண்டாவது வாயு, நாற்பது மீட்டர் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் கோர்ஸை முதல் படியாக எடுப்பது அடிமண்ணில் ஆரம்பிக்கும் நீச்சல் வகுப்புதான்.

எதிர்வாதங்களும் பதில்களும்

"எந்த அமைப்புங்கிறது முக்கியமே இல்ல, வாத்தியார்தான் முக்கியம்." டைவிங் உலகத்தில் அதிகம் சொல்லப்படும் வாசகம் இது. பாதி உண்மை. நல்ல வாத்தியார் எந்த கோர்ஸையும் நன்றாக நடத்துவார், சரி. ஆனால் கற்றுக்கொள்ள வருபவனுக்கு நல்ல வாத்தியாரை எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ளும் அளவுக்கு அறிவிருந்தால் அவன் ஏன் முதல் கோர்ஸுக்கு வருகிறான்? தெரியாதவனைக் காப்பாற்றத்தான் எழுதி வைத்த விதி. பணம் கட்டிய மாணவனைப் பார்த்து "உனக்கு இன்னும் வரலை" என்று சொல்ல எந்த வாத்தியாருக்கும் நாக்கு கூசும். தோல்வி என்பதை ஒரு சாதாரண முடிவாக கோர்ஸே ஒப்புக்கொண்டால் அந்த வாத்தியாருக்குத் துணிச்சல் வரும். எல்லோரும் பாஸ் ஆகிற பள்ளிக்கூடத்து மார்க் ஷீட்டுக்கு என்ன மதிப்பு என்று கல்லூரியில் படிப்பவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"டெக் 40-லயும் செஞ்சு காட்டாதவனுக்கு கார்டு கிடையாதே?" உண்மைதான். அதிலும் தகுதி விதிகள் இருக்கின்றன. ஒழுங்கான வாத்தியார் திருப்பி அனுப்பத்தான் செய்வார். ஏற்கெனவே மிதப்பு கைவந்தவருக்கு அது நல்ல கோர்ஸும்கூட. பிரச்சினை வரிசையில் இருக்கிறது. முப்பது டைவ் என்பது ஒரு எண்ணிக்கை. முப்பது தடவை ஒரே தப்பைச் செய்தவனும் முப்பது டைவ் செய்தவன்தான்.

"ஜி.யு.இ. ஆளுங்க ஒரு மாதிரி மதம் பிடிச்சவங்க. இந்த கியர்தான், இப்படித்தான் மாட்டணும்னு ஒரே கெடுபிடி. செலவும் அதிகம்." இதில் நியாயம் இருக்கிறது. எல்லோரும் ஒரே மாதிரி கியர் மாட்டவேண்டும் என்ற பிடிவாதம், ஏற்கெனவே வேறு கியர் வாங்கி வைத்தவனின் பர்ஸைக் கடிக்கும். சொல்லித் தரும் ஆட்களும் உலகத்திலேயே குறைவு. இந்தியாவிலிருந்து போனால் விமான டிக்கெட்டும் சேரும். அப்படிப்பட்டவர்களுக்கு இன்ட்ரோ டு டெக் இருக்கிறது. அதன் பலவீனம், கண்டிப்பு என்பது வாத்தியாரைப் பொறுத்தது. கண்டிப்பானவர் கிடைத்தால் தங்கம். கிடைக்காவிட்டால் கியர் மாட்டி போட்டோ எடுத்துக்கொள்ளும் கோர்ஸ். ஆனால் அந்த மோசமான கோர்ஸ்கூட யாரையும் நாற்பது மீட்டருக்கு அனுப்பி வைக்காது. இதுதான் வித்தியாசம். மோசமாக நடத்தினால் ஒன்றில் காசு போகும். இன்னொன்றில் ஆளே போகலாம்.

சங்கு குளிப்பவர்களைக் கேளுங்கள்

"ஆழமே ஆபத்து" என்று நினைப்பவர்கள் மன்னார் வளைகுடாவைப் பார்க்கவேண்டும். முத்துக்குளித்தல் காலத்தில் கல்லைக் காலில் மாட்டி, மூச்சடக்கி இறங்கினார்கள். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருப்பார். கயிறு பிடிப்பவர் நம்பிக்கையான ஆளாக இல்லாமல் யாரும் இறங்கமாட்டார்கள். தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. சங்கு குளிப்பது நிற்கவில்லை. மூச்சடக்கிப் போனவர்களின் இடத்துக்குப் பின்னாளில் சிலிண்டரும், படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாகக் காற்று இழுப்பதும் வந்தன. பயிற்சி மட்டும் வரவில்லை.

விளைவு? பதினைந்து, இருபது மீட்டர் ஆழத்திலேயே மணிக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு மேலே வருபவர்களுக்குக் கால் விழுந்துபோகிறது. பி.ஏ.டி.ஐ.யின் பொழுதுபோக்கு டைவ் அட்டவணையின்படி 18 மீட்டரில் காற்றோடு முதல் டைவுக்கு 56 நிமிடம்தான் அனுமதி. அதைத் தாண்டினால் அதுவும் டிகம்ப்ரஷன் டைவ்தான். யாரும் அதை டெக்னிகல் டைவிங் என்று சொல்வதில்லை. போஸ்டர் அடிப்பதில்லை. ஆனால் உடம்புக்குப் போஸ்டர் தெரியாது. நிமிடமும் மீட்டரும்தான் தெரியும். பெண்ட்ஸ் வந்தவரை அழுத்த அறைக்குள் வைத்துச் சிகிச்சை செய்யவேண்டும். அந்த அறை சாதாரண ஆஸ்பத்திரிகளில் இருக்காது. தேடிக்கொண்டு ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் நரம்பைத் தின்னும்.

சங்கு குளிப்பவருக்குக் கடல் கைவந்த கலை, அட்டவணை தெரியாது. கார்டு வாங்கிய சாஃப்ட்வேர் தம்பிக்கு அட்டவணை மனப்பாடம், கடலில் நிற்கத் தெரியாது. இரண்டு பேரையும் ஒரே குமிழிதான் தாக்குகிறது. முன்னவருக்கு வயிற்றுப்பாடு என்ற காரணம் இருக்கிறது. பின்னவருக்கு என்ன காரணம்? ஃபேஸ்புக் போட்டோவா?

2018-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் மாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கும். அங்கே ஆழம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. இருட்டு, சேறு, இடுக்கு. அந்த முயற்சியில் காற்றுச் சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பிய முன்னாள் தாய்லாந்து கடற்படை வீரர் சமன் குணன் உயிரிழந்தார். சிறுவர்களைக் கண்டுபிடித்து வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள், குகை டைவிங்கைப் பொழுதுபோக்காக வருடக்கணக்கில் பழகியவர்கள். அங்கே யாரும் "எத்தனை மீட்டர் கார்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்கவில்லை.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

எத்தனை மீட்டர் என்ற கேள்வியைத் தூக்கி எறிந்துவிட்டு இந்த ஐந்தைக் கேட்கலாம்.

1) இந்த கோர்ஸில் ஃபெயில் ஆக முடியுமா? போன முறை எத்தனை பேர் ஆனார்கள்?
2) எந்த அளவுகோலில் பாஸ் போடுவீர்கள்? எழுத்தில் இருக்கிறதா?
3) நீருக்கடியில் வீடியோ எடுத்துக் காட்டுவீர்களா?
4) ஒரு நிறுத்தத்தில் எதையும் பிடிக்காமல், துடுப்பு அடிக்காமல் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும்?
5) முடிக்கவில்லை என்றால் திரும்பி வந்து செய்ய எவ்வளவு செலவாகும்?

இரண்டாவது கேள்விக்கே "அதெல்லாம் ஒண்ணும் கவலைப்படாதீங்க சார், எல்லாரும் பாஸ் பண்ணிருவாங்க" என்று பதில் வந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

வசதி இருந்தால் ஃபண்டமெண்டல்ஸ். இல்லையென்றால் கண்டிப்புக்குப் பெயர் போன ஒரு வாத்தியாரிடம் இன்ட்ரோ டு டெக். இரண்டில் ஒன்றை முடித்து, ஐம்பது நூறு டைவ் அதையே பழகி, ஆறு மீட்டரில் கடிகாரத்தைப் பார்த்தபடி அசையாமல் நிற்க வந்த பிறகு, டெக் 40 என்ன, அதற்கு மேலும் படிக்கலாம். அதுவரை நாற்பது மீட்டர் அங்கேயேதான் இருக்கும், ஓடிப்போகாது.

ஃபெயில் ஆனால் அவமானம் என்று தோன்றலாம். கோர்ஸில் ஃபெயில் ஆனவன் அடுத்த மாதம் திரும்பி வந்து எழுதலாம். கடல் வைக்கும் பரீட்சையில் அரியர்ஸ் கிடையாது.